பாகி கிரீக்கின் அலறல்: குரங்கு உடைக்கு யாராவது பயப்படுவார்களா?

வாசகர் கேள்வி – பிப்ரவரி 3

காட்டில் திரியும் மர்ம உயிரினத்தை வைத்துச் சிறு முதலீட்டில் எடுத்த படங்கள் எல்லாமே, குரங்கு உடை மாட்டிய ஓர் ஆள் புதருக்குள் ஓடுவதில் தொடங்கி அதிலேயே முடிகின்றன. 1972-இல் வந்த ‘தி லெஜண்ட் ஆஃப் பாகி கிரீக்’ படத்தை இங்கே சிலர் திகில் படங்களுக்கு முன்னோடி என்று எழுதியதை நம்பிப் பார்க்கத் தொடங்கினேன். ஆமை நீந்துகிறது, கொக்கு பறக்கிறது, ஒருவர் படகு விடுகிறார். நாற்பதாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். இதில் பயப்பட என்ன இருக்கிறது?

பிப்ரவரி 3, இரவு

நானும் முதல் முறை அதே இடத்தில்தான் நிறுத்தினேன், எனவே உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் படம் தொடங்கிய ஐந்து நிமிடத்துக்குள் ஒரு சிறுவன் அந்தி வெளிச்சத்தில் வயல்வெளியில் ஓடுகிறானே, அந்த இடத்தை ஒருமுறை திரும்பப் பாருங்கள். காட்டோரத்தில் ஏதோ நிற்கிறது என்று சொல்லி அவன் அம்மா அவனைக் கடைக்கு அனுப்புகிறாள். கடையில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் சிரித்துவிட்டு, நேரம் கிடைக்கும்போது வந்து பார்க்கிறோம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்கு நடக்கும்போது பொழுது சாய்கிறது, தூரத்தில் அலறல் கேட்கிறது, அவன் ஓடுகிறான். அதற்குப் பிறகு, அந்தச் சிறுவன் நான்தான் என்று பின்னணிக் குரல் சொல்கிறது. உயிரினம் அந்த இடத்தில் எதுவுமே செய்யவில்லை. நம்பாமல் சிரித்த பெரியவர்கள்தான் அந்தக் காட்சியின் பயம்.

பிப்ரவரி 4

படத்தின் பின்னணியைக் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், டெக்சர்கானா நகரத்துக்கு அருகே, ஏறத்தாழ ஐந்நூறு பேர் வாழ்ந்த ஃபூக் என்ற சிற்றூரில் நடக்கும் கதை இது. அந்த ஊருக்குப் பக்கத்தில் சல்ஃபர் ஆற்றின் தாழ்நிலக் காடுகளும் சதுப்பும் இருக்கின்றன, பாகி கிரீக் என்ற ஓடையும் அங்கேதான் ஓடுகிறது. இயக்குநர் சார்லஸ் பி. பியர்ஸ் சினிமாவிலிருந்து வந்தவர் அல்லர். டெக்சர்கானாவில் விளம்பர நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தவர், உள்ளூர்த் தொலைக்காட்சியில் குழந்தைகள் நிகழ்ச்சியில் வேடம் போட்டவர். அவருடைய விளம்பர வாடிக்கையாளரான ஒரு லாரி நிறுவனம் சுமார் 1,00,000 டாலர் கடன் கொடுத்தது, மொத்தச் செலவு 1,60,000 டாலர் அளவில் முடிந்தது. வசூல் 2 கோடி டாலரைத் தாண்டியது. நடித்தவர்களில் பெரும்பாலோர் ஊர்க்காரர்கள், சிலர் தங்கள் பாத்திரத்தில் தாங்களே நடித்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் படம் பயமுறுத்துவதற்குக் காரணம், உயிரினத்தைக் கடைசிவரை காட்டாமல் வைத்திருப்பதுதான். காசு இல்லாததால் மறைத்தார்கள், மறைத்ததால் வென்றார்கள்.

பிப்ரவரி 4, சற்று நேரம் கழித்து

ஊர்ப்பெயரை ஃபூக் என்று எழுதியது தவறு. அந்த ஊரார் ஃபௌக் என்றுதான் உச்சரிக்கிறார்கள், இனி அப்படியே எழுதுகிறேன்.

பிப்ரவரி 7

நேற்றிரவு முழுப் படத்தையும் மறுபடி பார்த்தேன், காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு. நான்காம் தேதி எழுதியதை இப்போது திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. உயிரினத்தைக் கடைசிவரை காட்டாமல் வைத்திருக்கிறார்கள் என்று எவ்வளவு உறுதியாக எழுதினேன்! அது பல முறை கண்ணில் படுகிறது. மரங்களுக்கு இடையில் நிற்கிறது, நடந்து போகிறது, முடி அடர்ந்த கை வருகிறது. முகத்தை அருகில் காட்டவில்லை, அவ்வளவுதான். எனக்கு நினைவில் இருந்த படமும் திரையில் இருந்த படமும் வேறு வேறாக இருந்திருக்கின்றன. எட்டு ஆண்டுகளில் என் மனம் அந்த உருவத்தை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துவிட்டு, அலறலை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது.

எனவே கேள்வியை வேறு விதமாகப் போட வேண்டும். உருவம் கண்ணில் பட்டும், அது உடைதான் என்று தெரிந்தும், ஏன் பயம் கலையவில்லை?

என் விடை இதுதான்: படம் ஒவ்வொரு நிகழ்வையும் ஓர் ஆளின் பெயரோடும், அவர் வீடு இருக்கும் இடத்தோடும், அன்றைக்கு அவர் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்பதோடும் தொடங்குகிறது. பன்றி வளர்ப்பவர் ஒருவர், தன்னுடைய பன்றிகளை அது வேலிக்கு மேலாகத் தூக்கிக்கொண்டு போனதாகச் சொல்கிறார். சொல்லும்போது அவர் குரலில் நடிப்பே கிடையாது, கேமராவைப் பார்ப்பதா வேண்டாமா என்ற தடுமாற்றம்தான் இருக்கிறது. தொழில்முறை நடிகர் ஒருவர் அதையே சொல்லியிருந்தால் நாம் சிரித்திருப்போம். எங்கள் அம்மாச்சி முனி கதை சொல்லும்போது, “ஒரு ஊரில்” என்று ஒருநாளும் தொடங்கியதில்லை. மேலத்தெரு ஆள் ஒருவரின் பெயரைச் சொல்லி, அவர் தண்ணீர் பாய்ச்சிவிட்டு மண்வெட்டியோடு திரும்பிய இரவு என்றுதான் தொடங்குவார். மறுநாள் அந்த ஆளே தெருவில் சைக்கிளில் போவார், அவரைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பிப்ரவரி 8

‘உண்மைச் சம்பவமா?’ என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். உயிரினம் இருந்ததா என்ற அர்த்தத்தில் கேட்டால், என் பதில் இல்லை என்பதே. செய்தி இருந்ததா என்று கேட்டால், இருந்தது.

1971 மே மாதத் தொடக்கத்தில், ஃபௌக்குக்கு அருகே ஒரு வீட்டுக்குக் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகாத ஃபோர்டு குடும்பம், நள்ளிரவில் ஏதோ ஒன்று தங்களைத் தாக்கியதாகச் சொன்னது. முன்னறையில் படுத்திருந்த பெண், கொசுவலை அடித்த சன்னல் வழியாகக் கை ஒன்று நுழைந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். துப்பாக்கியால் சுட்டார்கள், பட்டது என்றும் நம்பினார்கள். ஆனால் இரத்தத் துளி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, மூன்று விரல் தடங்களும் கீறல்களும்தான் கிடைத்தன. டெக்சர்கானா நாளிதழ்களில் செய்தி வந்தது, ‘ஃபௌக் மான்ஸ்டர்’ என்ற பெயரும் அந்தச் செய்திகளின் வழியாகத்தான் பரவியது.

அடுத்த மாதம் ஒரு பயிர் வயலில் மூன்று விரல் தடங்கள் வரிசையாகத் தென்பட்டன. தொல்லியலாளர் ஃபிராங்க் ஷாம்பாக் அதைப் பார்த்துவிட்டு, 99 விழுக்காடு மோசடியாகத்தான் இருக்கும் என்றார். மனிதக் குரங்கினம் எதற்கும் ஐந்து விரல்கள், இதற்கு மூன்று. அந்த நிலப்பகுதியில் குரங்கினம் வாழ்ந்ததற்கான வரலாறே இல்லை. குரங்கினங்கள் ஏறக்குறைய எல்லாமே பகலில் நடமாடுபவை, இதுவோ இரவில் மட்டும் வருகிறது. இந்த மூன்றுக்கு மேல் நான் சேர்க்க எதுவும் இல்லை, இந்த இழையில் அதை இதோடு விட்டுவிடலாம்.

ஆனால் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட முடியவில்லை. லிட்டில் ராக் நகரத்து வானொலி நிலையமான கே.ஏ.ஏ.ஒய், அந்த உயிரினத்தைப் பிடித்துத் தருபவருக்கு 1,090 டாலர் பரிசு அறிவித்தது. ஏன் ஆயிரம் இல்லை, ஏன் ஆயிரத்து நூறு இல்லை என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அந்த நிலையத்தின் அலைவரிசை எண் 1090. பரிசுக்காகத் துப்பாக்கியோடு காட்டுக்குள் கிளம்பிய கூட்டத்தைப் பார்த்து, ஆளை ஆள் சுட்டுக்கொள்வார்கள் என்று பயந்து, மாவட்ட ஷெரிஃப் துப்பாக்கி கொண்டுவரக் கூடாது என்று தற்காலிகமாகத் தடை போட்டார். அந்தக் காட்டில் உண்மையிலேயே ஆபத்தில் இருந்தது மனிதர்கள்தான்.

பிப்ரவரி 8, இரவு

ஒரு நண்பர் பிளஃப் கிரீக்கோடு இதைக் குழப்பிக்கொண்டார். அது கலிஃபோர்னியா. 1967 அக்டோபரில் பேட்டர்சன், கிம்லின் இருவரும் எடுத்த, பிக்ஃபூட் என்ற, குரங்கைப் போன்ற மர்ம உயிரினத்தைக் காட்டுவதாகச் சொல்லப்படும் ஒரு நிமிடப் படச்சுருள் அது. இரண்டிலும் ஓடை வருகிறது, வேறு தொடர்பு இல்லை.

பிப்ரவரி 12

கேமராவைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தீர்கள். காசு இல்லாத படம் என்றால் சின்னச் சட்டத்தில் (ஃபிரேமில்), ஆடும் கேமராவில் இருக்கும் என்று நாம் நினைப்போம், ஆனால் இந்தப் படமோ அகலத் திரைப் படம். அதற்கு உதவியது டெக்னிஸ்கோப் என்ற முறை. வழக்கமான 35 மி.மீ. படச்சுருளில் ஒரு சட்டத்துக்கு, சுருளின் ஓரத்திலுள்ள துளைகளில் நான்கு துளை உயரம் செலவாகும், டெக்னிஸ்கோப்பில் இரண்டு துளைதான். அதாவது ஆயிரம் அடிச் சுருளில் பதினொரு நிமிடத்துக்குப் பதிலாக இருபத்திரண்டு நிமிடம் எடுக்கலாம், அகலச் சட்டமும் தானாகவே கிடைத்துவிடும். பிலிம் செலவு பாதி. இத்தாலியர்கள் 1960-களின் கௌபாய்ப் படங்களைக் குறைந்த செலவில் எடுத்ததற்கும் இந்த முறைதான் துணை. விலையும் உண்டு: சட்டம் சிறியது என்பதால் பெரிதாக்கும்போது புள்ளிகள் தெரியும். இந்தப் படத்தில் அந்தப் புள்ளிகள் சதுப்பின் மூடுபனியோடு கலந்துவிடுகின்றன.

பகற்காட்சிகள் ஏன் அவ்வளவு நீளம் என்று கேட்டீர்கள் அல்லவா? ஆமையும் கொக்கும் காசு கேட்காத நடிகர்கள் என்று நான் கேலியாகச் சொன்னதுண்டு. இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். அகலச் சட்டத்தில் காட்டை இரண்டு நிமிடம் அசையாமல் காட்டினால், கண் தானாகவே ஓரங்களில் எதையோ தேடத் தொடங்குகிறது. நாற்பதாவது நிமிடத்தில் நமக்குச் சலிப்பு வருவதும் உண்மைதான், ஆனால் நம் கண் அதற்குள் மரங்களுக்கு இடையிலுள்ள இருட்டை ஒவ்வொன்றாகச் சோதிக்கப் பழகிவிட்டிருக்கும்.

பிப்ரவரி 15

குளியலறைக் காட்சி.

கடைசி அரைமணி நேரம் ஃபோர்டு குடும்பத்தின் வீடு. ஆண்கள் வெளியே போன இரவுகளில் பெண்கள் தனியாக இருக்கிறார்கள். மரத் தாழ்வாரத்தில் யாரோ நடக்கிறார்கள். கதவின் கைப்பிடி மெல்லத் திரும்புகிறது. பின்னொரு நேரத்தில் வீட்டு ஆண் ஒருவர் கழிப்பறையில் உட்கார்ந்திருக்கும்போது சன்னல் வழியாகக் கை உள்ளே வருகிறது. அவர் கால்சட்டையை முழுதாக ஏற்றுவதற்குள் விழுந்தடித்து வெளியேறுகிறார். படம் பார்க்கும் அறையில் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்தேன். அன்றிரவு அந்தச் சிரிப்பு எனக்கு உதவவில்லை.

எங்கள் ஊர் வீட்டில் கழிப்பறை கொல்லையில், மாட்டுத் தொழுவத்தைத் தாண்டி இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. இரவில் போக வேண்டி வந்தால் கையில் ஒரு டார்ச், அதன் பேட்டரி எப்போதும் தீரும் நிலையில் இருக்கும், உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினால் மஞ்சளாக ஒரு வட்டம் வரும். தகரக் கதவின் அடியில் நான்கு விரல் இடைவெளி. உள்ளே உட்கார்ந்தால் அந்த இடைவெளியைத் தவிர வேறெங்கும் பார்வை போகாது. ஒருமுறை மாடு கழுத்தை உதறியது, மணிச்சத்தம் கேட்டது, டார்ச் கை நழுவி எங்கே விழுந்ததென்றே தெரியவில்லை. வீட்டுக்கு எப்படி வந்தேன் என்பது எனக்கு இன்றுவரை நினைவில் இல்லை.

எனவே என் இப்போதைய கருத்தை எழுதிவிடுகிறேன். காட்டு உயிரினத்தைப் பற்றிய படம் என்று பெயர் இருந்தாலும், இது வீட்டைப் பற்றிய படம். தாழ்வாரம், சன்னல், கதவுக் கைப்பிடி, டிரெய்லர் வீட்டில் தனியாக இரவு தங்கும் மூன்று பெண்கள், கையில் எடுத்துத் தோட்டாவைத் தேட வேண்டியிருக்கும் துப்பாக்கி. காட்டுக்குள் போகிறவர்களுக்குப் பெரிதாக எதுவும் ஆவதில்லை. ஹெர்ப் ஜோன்ஸ் என்ற முதியவர் சதுப்பின் நடுவே தன்னந்தனியாக வாழ்கிறார், இத்தனை ஆண்டுகளில் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்கிறார், நிம்மதியாகவும் இருக்கிறார். ஊரோரத்தில் புதிதாகக் குடிவந்தவர்கள்தான் நடுங்குகிறார்கள்.

பிப்ரவரி 16

‘அந்த வீட்டு விளக்கத்தை ரொம்பவே இழுத்துவிட்டீர்கள், பன்றி விவகாரமும் வேட்டைநாய்கள் தடம் பிடிக்க மறுப்பதும் வீட்டுக்குள்ளா நடக்கின்றன?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சரிதான், இழுத்துவிட்டேன். பாதிப் படம் என்று திருத்திக்கொள்கிறேன்.

பிப்ரவரி 21

பாட்டுகளைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன், வந்துவிட்டது. ஆம், திகில் படத்தின் நடுவே பாட்டு வருகிறது. டிராவிஸ் கிராப்ட்ரீ என்ற இளைஞன் படகில் போகிறான், அவன் பெயரைச் சொல்லியே ஒரு பாட்டு. உயிரினத்துக்கும் ஒரு பாட்டு இருக்கிறது, தன்னைப் போல் இன்னொன்று இல்லாத அதன் தனிமையைப் பற்றி. பாடியவர் இயக்குநர் பியர்ஸே, வேறு பெயரில். இசை பொலிவியாவில் பிறந்த ஹைமே மெண்டோசா-நாவா. தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த நமக்கு நடுவில் பாட்டு வருவது ஒரு பொருட்டே இல்லை. அமெரிக்க நண்பர்கள்தான் அந்த இடத்தில் நெளிகிறார்கள்.

மார்ச் 3

டல்லாஸ் பக்கத்தில் வேலையில் இருக்கும் நான், மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டி, சென்ற சனிக்கிழமை ஃபௌக் போய்வந்தேன். டெக்சர்கானாவிலிருந்து தெற்கே 71-ஆம் எண் நெடுஞ்சாலையில் சுமார் 15 மைல். எதிர்பார்த்த சதுப்பு சாலையிலிருந்து தெரியவில்லை, வயலும் பைன் மரமும் தேவாலயமும்தான் தெரிந்தன. ‘மான்ஸ்டர் மார்ட்’ என்ற கடையின் முகப்பில் அந்த உயிரினம் நிற்கிறது. உள்ளே அதன் படம் போட்ட சட்டைகள், கோப்பைகள், அவற்றுக்குப் பக்கத்திலேயே பாலும் ரொட்டியும். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் சிகரெட்டும் லாட்டரிச் சீட்டும் வாங்கினார், முகப்பை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நான் ஒரு கோப்பை வாங்கினேன். கல்லாவில் இருந்த பெண், “நீங்கள் பார்த்தீர்களா?” என்று நான் கேட்பதற்கு முன்பே, இல்லை என்று தலையாட்டினார்.

இந்த ஊருக்கு அந்தப் படத்தால் என்ன கிடைத்தது என்பது பழைய சண்டை. படக்குழுவுக்குக் காட்டில் வழிகாட்டிய ஸ்மோக்கி கிராப்ட்ரீ 1974-இல் ஒரு நூலே எழுதினார். படம் எடுத்த விதத்திலும் அதில் வந்த பணத்திலும் அவருக்கு மனக்குறை இருந்தது. தங்கள் பெயரையும் முகத்தையும் வீட்டையும் கொடுத்த மனிதர்கள் அவர்கள், ஏழாம் தேதி நான் புகழ்ந்தேனே, அந்தப் பெயரும் இடமும்தான் படத்தின் மூலதனம். மூலதனம் போட்டவர்களுக்கு இலாபத்தில் என்ன பங்கு என்று நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கொண்டாட்டத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

மார்ச் 4

பியர்ஸ் 1976-இல் இதே உத்தியை, டெக்சர்கானாவில் 1946-இல் நடந்த உண்மையான கொலைகளை வைத்து எடுத்த படத்திலும் கையாண்டார். பின்னணிக் குரலும் பாகி கிரீக்கில் பேசிய அதே வெர்ன் ஸ்டியர்மனுடையது. அங்கே செத்தவர்கள் உண்மையானவர்கள் என்பதால் எனக்கு அதே இரசனையோடு பார்க்க முடியவில்லை. குரங்கு உடையின் ஒரு நன்மை இது, அதற்கு உறவினர் கிடையாது.

மார்ச் 9

‘சிறு முதலீடு என்பதே வெற்றிக்குக் காரணம் என்றால் தொடர்ச்சிப் படங்கள் ஏன் தோற்றன?’ நல்ல கேள்வி, என் பிப்ரவரி நான்காம் தேதிக் குறிப்பில் மிச்சமிருந்த ஆணியையும் பிடுங்கிவிட்டீர்கள். 1977-இல் வந்த ‘ரிட்டர்ன் டு பாகி கிரீக்’ பியர்ஸ் எடுத்தது அன்று. 1980-களின் நடுவில் வந்த ‘பாகி கிரீக் 2’ அவர் எடுத்தது, அவரே பேராசிரியராகவும் நடித்தார். மாணவர்களை அழைத்துக்கொண்டு உயிரினத்தைத் தேடி அவர் கிளம்புகிறார். தேடிப் போகும் கதை ஆனவுடன் சாட்சி சொல்லும் ஊர்க்காரர்கள் ஓரத்துக்குப் போய்விட்டார்கள். கடைசியில் அந்தப் படம், மோசமான படங்களைப் போட்டுக் கேலி பேசும் ‘மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000’ நிகழ்ச்சியில் 1999-இல் போய்ச் சேர்ந்தது. அதே 1999-இல்தான் ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ உலகத்தை மிரட்டியது. எட்டு நாளில் மேரிலாந்துக் காட்டில் எடுத்த அந்தப் படத்தின் இயக்குநர்கள், தங்களுக்கு ஊக்கம் தந்த படங்களுள் ஒன்றாக முதல் பாகி கிரீக்கைச் சொன்னார்கள். அதுவும் ஊர்க்காரர்கள் கேமராவுக்கு முன்னால் நின்று ஆளுக்கொன்று சொல்வதில்தான் தொடங்குகிறது.

மார்ச் 10

முதல் படத்துக்குக் கொடுக்கப்பட்ட தணிக்கைச் சான்று ‘ஜி’, அதாவது குழந்தைகளும் பார்க்கலாம். பெற்றோர் நம்பி அழைத்துப் போனார்கள். அந்தத் தலைமுறை அமெரிக்கர்கள் இன்னமும் இதைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா என்று தெரியவில்லை. ஒன்பது வயதில் தகரக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

மார்ச் 18

முதல் கேள்வியைக் கேட்ட வாசகர் முழுப் படத்தையும் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்: பயம் வரவில்லை, ஆனால் கடைசிக் காட்சியைப் பற்றி நீங்கள் ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை என்று கேட்கிறார். எழுதாததற்குக் காரணம், ஃபோர்டு குடும்பக் காட்சி முடிந்ததும் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன், இரண்டு முறையும் அப்படித்தான். நேற்று உட்கார்ந்து பார்த்தேன். அந்தச் சிறுவன் வளர்ந்து பெரியவனாகித் தன் பழைய வீட்டுக்குத் திரும்பி வருகிறான். வீடு பாழடைந்து, செடி மண்டிக் கிடக்கிறது. சிறுவயதில் தன்னை விரட்டிய அந்த அலறலை இன்னொரு முறை கேட்டால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறான்.

தகரக் கதவு வைத்த எங்கள் கொல்லைக் கழிப்பறையை இடித்துவிட்டு, வீட்டுக்குள்ளேயே ஓடு பதித்த கழிப்பறை கட்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அங்கே போகும்போதெல்லாம் தொழுவம் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வருகிறேன், மாடும் இல்லை, மணியும் இல்லை.

மார்ச் 19

எந்தப் பிரதியைப் பார்ப்பது என்று கேட்டவருக்கு: பியர்ஸின் மகள் முன்னின்று புதுப்பித்து 2019-இல் வெளியிட்ட பிரதியைப் பாருங்கள். இணையத்தில் முன்பு சுற்றிய பழைய பிரதிகளில் இரவுக்காட்சிகள் வெறும் கறுப்பாக இருக்கும், முதல் முறை எனக்குச் சலித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வசன வரிகளை வைத்துக்கொள்ளுங்கள். ஹெர்ப் ஜோன்ஸ் பேசுவதில் பாதி எனக்கு மூன்றாவது முறைதான் புரிந்தது.